அந்த ஏழு வெள்ளைக் கற்கள்

சேலத்தில் ஒரு சின்ன கிளப் நடத்திய ஒருநாள் கோ போட்டியில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. சொன்னால் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு, "ஆனா அந்தக் கடைசி ஆட்டம் இருக்கே..." என்று நான் ஆரம்பித்ததும் முகம் மாறிவிடுகிறது. ஜெயித்தவள் எதற்கு விளக்கம் கொடுக்கிறாள் என்று நினைப்பார்களாக இருக்கும். வீட்டில் இந்தப் பேச்சுக்கு ஏற்கெனவே தடை போட்டாயிற்று. அதனால் இங்கே எழுதுகிறேன். சலித்தவர்கள் பாதியில் எழுந்து போகலாம். ஆட்டத்தைத்தான் அப்படிப் பாதியில் விடக்கூடாது என்பது என் இப்போதைய கட்சி.

கோ எனக்கு மகன் வழியாக வந்தது. பள்ளியில் படிக்கும்போது ஏதோ அனிமே பார்த்துவிட்டுப் பலகை வேண்டும் என்று அடம்பிடித்தான். வாங்கி வந்த ஆறு மாதத்தில் ஆர்வம் போய்விட்டது, பலகை அலமாரி மேல் ஏறியது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிற எனக்குச் சாயந்திரத்துக்கு மேல் ஓய்வுதான். சும்மா இறக்கி வைத்துப் பார்த்தேன், அப்புறம் ஏற்றவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடு, 361 சந்திப்பு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைக்க வேண்டும், வைத்த கல் நகராது. ஒரு கல்லையோ ஒட்டியிருக்கும் கல் கூட்டத்தையோ ஒரு காலிப் புள்ளி கூட மிச்சமில்லாமல் சுற்றி அடைத்துவிட்டால் அது கைதி. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் அடைக்குமே, அந்தப் புத்தியை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கினால் கோ. புலி கிடையாது, இரண்டு பக்கமும் ஆடுகள்தான். ஒரு கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு காலியிடம், அதாவது இரண்டு கண், இருந்துவிட்டால் அதை யாராலும் பிடிக்க முடியாது. கடைசியில் அதிக இடத்தை வளைத்தவருக்கு ஜெயம். முதலில் வைப்பவருக்கு அனுகூலம் இருப்பதால் வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி இனாமாக உண்டு, அதற்குக் கோமி என்று பெயர். அந்த அரைப்புள்ளி, ஆட்டம் டிரா ஆகாமல் பார்த்துக்கொள்ள.

இதில் செஸ் மாதிரி செக்மேட் இல்லை. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்து, குகேஷ் உலக சாம்பியனும் ஆகிவிட்ட பிறகு நம்மூரில் தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு. அங்கிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் முதலில் இடிக்கும். யார் முன்னால், யார் பின்னால் என்று கோ பலகை எந்த நேரத்திலும் சொல்லாது. நாமே மனசுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணிப் பார்த்துத் தேறாது என்று தோன்றினால் ரிசைன் செய்துவிடுவது வழக்கம். அதை மரியாதை என்றே சொல்கிறார்கள். தோற்ற ஆட்டத்தை இழுத்தடித்து எதிராளியின் நேரத்தைத் தின்னாமல் இருப்பது. செஸ் கோச்சுகள் பிள்ளைகளிடம் "மேட் ஆகிற வரைக்கும் விடாதே" என்பார்கள். அதைவிடக் கோ வழக்கம் எவ்வளவு நாகரிகம் என்று பேசித் திரிந்தவள்தான் நான்.

சதுரமில்லாத சதுரம்

போட்டி அழகாபுரம் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். பதினாறு பேர், எட்டுப் பலகை, நாலு சுற்று. ஆளுக்கு முப்பது நிமிடம், அது தீர்ந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் முப்பது விநாடி. செஸ் கடிகாரம் வாங்கக் கட்டாது என்று ஆடுபவர்களின் போனிலேயே ஒரு செயலியை இறக்கிப் பலகை ஓரத்தில் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். எல்லோருடைய போனும் அப்படித்தான் நாள் முழுக்கக் கடிகாரமாக இருந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

கிளப்பில் மரப்பலகை இரண்டுதான். மீதியை ஐந்து ரோடு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அடித்திருந்தார்கள், காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் பேனர் அடிக்கிற அதே ஷீட். கோ பலகை பார்க்கச் சதுரமாக இருக்கும், ஆனால் சதுரமில்லை. ஆடுபவர் பக்கமிருந்து எதிராளி பக்கம் போகிற நீளம் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், 15க்கு 14. உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கிற கண்ணுக்கு அப்போதுதான் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜப்பானியக் கற்களிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. வெளிர் நிறம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் கறுப்பு 22.2 மில்லிமீட்டர், வெள்ளை 21.9. கண் ஏமாற்றும் என்று தெரிந்து அதற்கு ஈடுகட்டிச் செய்திருக்கிறார்கள். நம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார். "தம்பி, அளவு தப்பா இருந்துச்சு, நானே சரி பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் சுத்தமான சதுரமாக அடித்துக் கொடுத்துவிட்டார். போட்டியை நடத்திய பையன் காலையில் வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான். ஐ.டி.யில் வேலை பார்க்கிறவன், வீட்டிலிருந்தே வேலை. அவன் இல்லாவிட்டால் சேலத்தில் கிளப்பும் கிடையாது, போட்டியும் கிடையாது.

முதல் மூன்று சுற்றில் சொல்ல அதிகமில்லை. ஒன்றில் ஜெயித்தேன். அடுத்ததில் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி மாணவன் என்னை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பி வைத்தான், கடைசியில் முதல் பரிசு அவனுக்குத்தான். மூன்றாவதில் எதிரே உட்கார்ந்த சிறுவனுக்கு அவன் அப்பா வாசலில் வண்டியோடு நிற்கிற அவசரம். ஆக இரண்டு ஜெயம், ஒரு தோல்வி.

நாலாவது சுற்று

எதிரே வந்து உட்கார்ந்தவர் ஏற்காட்டுக்காரர். காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தார். எஸ்டேட்டுக்கு வந்து தங்கிய யாரோ ஒருவரிடம் பல வருஷம் முன்பு கற்றுக்கொண்டதாம். அவர் ஒரு கை வெள்ளைக் கற்களை அள்ளி மூடிக்கொண்டார், ஒற்றை என்று நான் ஒரு கறுப்புக் கல்லை வைத்தேன். எண்ணினால் ஒற்றை, எனக்குக் கறுப்பு. ஒவ்வொரு கல்லையும் ஆள்காட்டி விரலின் நகத்துக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையில் பிடித்துப் பழையபடி அழகாக வைத்தார். மரமாக இருந்தால் டக்கென்று ஓசை வரும். ஃப்ளெக்ஸில் ஒன்றும் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

பலகை முக்கால்வாசி நிரம்பியபோது எண்ணினேன். எனக்கு 58, அவருக்கு 57, கோமியைச் சேர்த்தால் அவர் ஐந்தரை முன்னால். இன்னொரு தரம் எண்ணினேன், மாறவில்லை. மீதியிருந்தவை எல்லாம் சில்லறை எல்லைகள். ஐந்தரை பின்னால் இருப்பவள் ஒழுங்காக ஆடிக்கொண்டே போனால் ஒழுங்காகத் தோற்பாள், அவ்வளவுதான்.

இடது ஓரத்தில் அவருக்கு ஏழு கற்கள் ஒரு கூட்டமாக இருந்தன. ஓரத்தில் ஒரு கண் உறுதி. இரண்டாவது கண் வர வேண்டிய இடத்தில் நான் கல்லை வைத்தேன். வைத்தால் அங்கே ஏற்கெனவே இருந்த என் கல்லோடு சேர்ந்து இரண்டும் அட்டாரியில் நிற்கும், அதாவது ஒரே ஒரு மூச்சுத்தான் மிச்சம். அவர் அந்த ஒரு புள்ளியில் வைத்தால் இரண்டையும் தூக்கிவிடலாம், தூக்கிய இடமே கண்ணாகிவிடும். இது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வைத்தேன். பார்க்காமல் விட்டால் எனக்கு, பார்த்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, எப்படியும் தோற்கிற ஆட்டம்.

அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று புரிந்தது. பிறகு தன் கிண்ண மூடியில் இருந்த என் கைதிக் கற்களில் இரண்டை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். கை தவறிக் கறுப்பை எடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன். "சரிங்கம்மா, போதும்" என்றபோதுதான் ரிசைன் என்று உறைத்தது. அவரே கடிகாரத்தை நிறுத்தினார். நடத்துகிற பையன் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தாளில் 'பி பிளஸ் ஆர்' என்று எழுதிக்கொண்டு நகர்ந்தான். கறுப்புக்கு ஜெயம், ரிசைன் மூலம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அலசிப் பார்ப்பது கோ ஆட்டத்தில் ஒரு வழக்கம். அந்த உரிமையில்தான் கேட்டேன்: "சார், இதை நீங்க எடுத்திருக்கலாமே?" அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கல் ஒன்றை அந்தப் புள்ளியில் வைத்தார். என் இரண்டு கற்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார். "அட" என்றார். அப்புறம் சத்தமாகச் சிரித்துவிட்டார், பக்கத்துப் பலகைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "காலமெல்லாம் அடுத்தவன் நோட்டுல தப்பு கண்டுபிடிச்சவன் நானு."

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவர் கணக்கில் தப்பே இல்லை. அவர் எண்ணியதை எனக்கு விரல்விட்டுக் காட்டினார். ஏழு கல் செத்தால் கைதி ஏழு, காலியாகிற இடம் ஏழு, ஆகப் பதினாலு; சுற்றுமுற்றும் சேர்த்தால் இருபது பக்கம் வரும். ஐந்தரை முன்னால் இருந்தவர் பதினைந்து பின்னால் போய்விட்டார், அந்த நிலையில் ரிசைன் செய்வதுதான் முறை. கூட்டல் கழித்தல் எல்லாம் சுத்தம். ஏழும் செத்துவிட்டது என்ற முதல் வரி மட்டும்தான் தவறு. தணிக்கை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை; கூட்டினால் ஒத்து வருகிற கணக்கில்தான் யாரும் முதல் பதிவைத் திரும்பப் பார்ப்பதில்லை.

யாருக்கு நஷ்டம்

கீழே இறங்கித் தள்ளுவண்டிக்காரரிடம் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கினோம். துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பிதுங்க, காரச் சட்னி விரலில் வழிய, அவர் பாட்டுக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். "மலைக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சீக்கிரம் முடிச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டுப் பார்த்தேன், அப்படியாவது ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று. இல்லவே இல்லை என்றார். "நான் பாக்காததை நீங்க பாத்தீங்க. ஆட்டம்னா அதானுங்க." அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்குள் முடிந்த விஷயமாக இருந்திருந்தால் முடிந்தும் போயிருக்கும்.

ஆனால் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பெண். அவளுக்கும் மூன்று ஜெயம், எனக்கும் மூன்று. இப்படிச் சமமாக வந்தால் யார் யாரோடெல்லாம் ஆடினார்களோ அந்த எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். பலசாலிகளோடு மோதியவருக்கு அதில் அனுகூலம். முதல் பரிசுக்காரனிடம் நான் வாங்கிய உதை அங்கே எனக்குக் கை கொடுத்தது. இரண்டாம் இடம் எனக்கு, மூன்றாம் இடம் அவளுக்கு. ஏற்காட்டுக்காரர் ஜெயித்திருந்தால் நான் கீழே இறங்கியிருப்பேன், அவருக்குக் கூட்டுத்தொகை குறைவு, அந்தப் பெண்தான் இரண்டாவது. இதை எக்செல்லில் போட்டுக் காட்டியது அதே ஐ.டி. பையன்தான். நான் கேட்டேன் என்பதற்காகக் காட்டினான், பாவம். "அக்கா, ரிசைன் பண்ணிட்டா முடிஞ்சுது. பலகையில என்ன இருந்துச்சுன்னு அதுக்கப்புறம் பாக்கக் கூடாது" என்று சேர்த்துச் சொன்னான். விதி அதுதான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செஸ்ஸில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1902இல் மான்டே கார்லோவில் வான் போப்பீலுக்கு எதிராக ஆடிய ஜார்ஜ் மார்கோ, 'பின்'னில், அதாவது நகர்ந்தால் பின்னாலிருக்கும் காய் அடிபடும் என்ற நிலையில், மாட்டிய தன் பிஷப் போய்விட்டது என்று ரிசைன் செய்தார். அந்த பிஷப்பை ஜி1 கட்டத்துக்கு நகர்த்தியிருந்தால் ஜெயம் அவருக்கு. நூறு வருஷத்துக்கு மேலாகிறது, புள்ளிப் பட்டியலை யாரும் திருத்தவில்லை, திருத்தவும் கூடாது. நான் அவசரமாக "சார், இன்னொரு தரம் பாருங்க" என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது எதிராளிக்கு யோசனை சொல்வது பெருந்தன்மை இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பதிலாக வேறு ஒருவருக்குக் குழி வெட்டியிருப்பேன், அவ்வளவுதான். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. என்னைக் குடைவது அதற்கு முந்தைய கல். தெரிந்தே வைத்த கல்.

மகன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது ட்ரிக்கும்மா. பதில் இருக்குன்னு தெரிஞ்சே ஆடறது ட்ரிக்தானே?" என்றான். நான் விடவில்லை. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் புரோகிராமிடம் கொரியாவின் பெரிய கோ ஆட்டக்காரர் லீ செடோல் 4-1 என்று தோற்றார், ஜெயித்த ஒரே ஆட்டம் நாலாவது. அதில் அவர் இடையில் செருகிய 78வது கல்லைத் தெய்வீகக் கல் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அதற்கும் சரியான பதில் இருந்தது என்று பிறகு அலசியவர்கள் காட்டிவிட்டார்கள். மெஷின் அந்தப் பதிலைப் பார்க்கவில்லை, தடுமாறியது, 180வது கல்லோடு ரிசைன் என்று திரையில் பெட்டி வந்தது. எதிராளி பார்க்காமல் விட்டதால் ஜெயித்த கல் அங்கே தெய்வீகம், அழகாபுரத்தில் ட்ரிக்கா? "அவருக்குப் பதில் இருக்குன்னு தெரியாது, உனக்குத் தெரியும். அப்புறம் நீ லீ செடோல் இல்லம்மா" என்றான். முதல் பாதிக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இரண்டாவது பாதி தேவையில்லாத பேச்சு.

இத்தோடு விட்டுவிடலாம் என்று இருந்தபோது ஏற்காட்டிலிருந்து போன். "அம்மா, நான் ரிசைன் பண்ணினது சரிதானுங்க" என்று ஆரம்பித்தார். வீட்டில் பலகையை விரித்து வைத்து ராத்திரியெல்லாம் பார்த்திருக்கிறார். அவர் என் இரண்டு கற்களையும் தூக்கினாலும், தூக்கிய இடத்துக்குள்ளேயே நான் திரும்ப ஒரு கல்லைப் போடலாமாம். போட்டால் அங்கே கோ (ஆட்டத்தின் பெயர் இல்லை, தமிழில் எழுதினால் அதே மாதிரி வருகிற வேறொரு சொல்): அவர் எடுக்க, நான் எடுக்க, முடிவில்லாமல் போகும் என்பதால் உடனே திருப்பி எடுக்கக் கூடாது என்று விதி. வேறெங்காவது ஒரு மிரட்டல் கல் வைத்து எதிராளியைப் பதில் சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்து எடுக்கலாம். யாரிடம் மிரட்டல் அதிகமோ அவருக்கு அந்தச் சண்டை. "உங்ககிட்ட மூணு இருந்துச்சு, எங்கிட்ட ரெண்டு. ஏழு கல்லும் போனதுதான்." நானும் பலகையை இறக்கி வைத்துப் பார்த்தேன். கோ வருவது நிஜம், எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் மிரட்டல் எனக்கும் இரண்டுதான். சமமாக இருந்தால் முதலில் எடுத்தவர் அவர், சண்டை அவருக்கு. இப்போது நிலைமை என்னவென்றால், தான் தோற்றது நியாயம் என்று அவர் வாதாடுகிறார், இல்லை சார், நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்று நான்.

எல்லாம் கீழ் இடது மூலையில் ஒரு கறுப்புக் கல் இருந்ததா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது. இருந்தால் எனக்கு மூன்றாவது மிரட்டல் உண்டு. போட்டோ கிடையாது, எங்கள் போன்தான் கடிகாரமாகச் சாய்ந்து கிடந்ததே. கடாகோ என்ற மென்பொருளில் போட்டுப் பார் என்றான் மகன். எனக்கு ஞாபகமிருந்த வரைக்கும் கற்களை வைத்து இரண்டு விதமாகவும் போட்டேன். அந்தக் கல் இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்கிறது. நான் அங்கே வைக்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "வெச்சீங்கம்மா. வெக்கும்போது உங்க வளையல் என் கிண்ணத்துல இடிச்சுது." மாம்பழ சீசனில் கீழே வரும்போது முதல் கல்லிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் இடித்தது என்று சொல்கிற அந்தக் கையில் நான் வாட்ச் மட்டும்தான் கட்டுவேன்.